மொட்டை மாடியில் நாலு பெட்டி, கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ்

கடிதம்

கோவையின் மேற்குப் பக்கத்தில், பழைய லேஅவுட் ஒன்றில் சொந்த வீட்டில் இருக்கும் 47 வயதுப் பெண் வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய அப்பா கோபிப் பக்கம் தென்னந்தோப்பில் பன்னிரண்டு தேன்பெட்டி வைத்திருந்தவர். 1991, 92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் தேனீப் பெட்டிகளை வாரிக்கொண்டு போனதே, அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. காலிப் பெட்டிகளை அப்பா சாளைப் பரணில் ஏற்றிவிட்டு, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். மூன்று வருடத்துக்கு முன்னால் இவர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தார். இன்று நாலு. எல்லாம் நம் ஊர் அடுக்குத் தேனீ. வீட்டுக்குப் போக மிச்சத் தேனைத் தெரிந்தவர்களுக்கு விற்கிறார்.

பக்கத்து வீட்டோடு பதினைந்து வருடப் பழக்கம். அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவார். போன கோடையிலிருந்து உரசல். அவர்கள் வீட்டுச் சொட்டுக் குழாயில் தேனீ, கொடியில் காயும் துணியில் தேனீ, ராத்திரியில் வாசல் டியூப்லைட்டுக்கு வந்து விழும் தேனீ. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லீவுக்கு வந்திருந்த ஆறு வயதுப் பேரனுக்குப் புறங்கையில் ஒரு கொட்டு. முழங்கை வரை வீங்கி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் கேட்டில் நின்று, "பெட்டிய எடுக்கறயா அம்மிணி, இல்ல நானே மருந்தடிச்சு உட்டறட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ். 15 நாளுக்குள் நாலு பெட்டியையும் அகற்ற வேண்டும், 25,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் போலீஸில் புகார், சிவில் கோர்ட்டில் வழக்கு.

இவர் கேட்பவை: "நான் அரசுப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், என்னை எப்படித் தடுக்க முடியும்? கொட்டியது என் தேனீதான் என்று எப்படி நிரூபிப்பார்கள்? எங்கள் தேனீ வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். நோட்டீஸில் பழைய சட்டப் பிரிவைப் போட்டிருக்கிறார்கள், அதனால் செல்லாது, விடாதீர்கள் என்கிறார்கள். குழுவைச் சங்கமாகப் பதிவு செய்து சங்கத்தின் பேரில் எதிர்த்து நின்றால் என்ன?" கடைசியாக, கூட்டம் பிரிந்து அவர்கள் வீட்டு மாமரத்தில் உட்கார்ந்தால் அது யாருக்குச் சொந்தம் என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நானும் வீட்டுக் கொல்லையில் ரெண்டு பெட்டி வைத்திருப்பவன். அதனால் உங்கள் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "அன்றைக்குக் காலையில்தான் ரெண்டு பெட்டியில் தேன் எடுத்தேன், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தன." மற்ற எல்லாவற்றையும்விட இந்த வரியைத்தான் நான் ரெண்டு முறை படித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இது கிடைத்தால் அவரும் ரெண்டு முறை படிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து மாடியில் சின்னப் பையன் விளையாடுகிற நேரம், அடையை எடுத்துத் தேனீயை உதறித் தேன் எடுத்திருக்கிறீர்கள். எடுக்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வழக்கின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சரி, இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

தேனீ வளர்ப்பைத் தடை செய்யும் சட்டம் இல்லை. சொல்லப்போனால் அரசே பயிற்சி தருகிறது, 2020-ல் மத்திய அரசு தேனுக்கென்று தனி இயக்கம் அறிவித்து 500 கோடி ஒதுக்கியது. ஆனால் "வளர்க்கலாம்" என்பதும் "எப்படியும் வளர்க்கலாம்" என்பதும் வேறு வேறு. கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவர் இடித்தால் லைசென்ஸைக் காட்டித் தப்ப முடியாது. உங்கள் சான்றிதழ் அதைவிட ஒரு படி மோசம். பயிற்சி பெற்றவருக்கு எப்போது பெட்டியைத் திறக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பலாம்.

நோட்டீஸில் இந்திய தண்டனைச் சட்டம் 289 என்று போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவாக மாறிவிட்டது. அதில் இதே விஷயம் 291-வது பிரிவு. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ நேரக்கூடும் என்று தெரிந்தும் அல்லது கவனக்குறைவாலும் போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டால், ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். தேனீ எப்படி விலங்காகும் என்று கேட்காதீர்கள். மனிதரைத் தவிர உயிருள்ள எதுவும் விலங்குதான் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு சொல்லிவிடுகிறது. ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் குழுவில் சொல்கிற மாதிரி பிரிவு எண் தப்பு என்பதால் நோட்டீஸ் செத்துப்போகாது. நோட்டீஸ் என்பது குறையைத் தெரிவிக்கும் கடிதம். எண்ணைப் புகாரில் திருத்திக்கொள்வார்கள். இதை வைத்து யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால், கேட்டுக்கொண்டு பேச்சை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு வழி, கோட்டாட்சியரிடம் மனு. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. அதற்கு "பொது" என்ற சொல் பொருந்த வேண்டும். ரெண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள பிணக்குக்கு அந்தப் பிரிவு பொருந்துவது கஷ்டம். ஆனால் தெருவில் பத்து வீடு கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை மாறும். உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு உங்கள் பெட்டிகளைப் பற்றிப் பயம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

சிவில் கோர்ட்டில் தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். நீதிபதி பார்ப்பது ஒன்றுதான்: ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டில் நிம்மதியாகப் புழங்குவதற்கு உங்கள் பெட்டி நியாயமில்லாத இடைஞ்சலாக இருக்கிறதா? கொடியில் ஒரு தேனீ உட்கார்ந்ததற்கு யாரும் தடை கொடுக்க மாட்டார்கள். துணி காயப்போடவே முடியவில்லை என்றால் கொடுப்பார்கள்.

அண்ணன் மருந்தடிப்பேன் என்றாரே, அதற்கும் சட்டம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் உள்ள தேனீ உங்கள் உடைமை. அடுத்தவர் விலங்கை விஷம் வைத்துக் கொல்வது நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அவர் தன் வீட்டு மாம்பூவுக்கு வழக்கம்போல் மருந்தடித்து, அங்கே போன உங்கள் தேனீ செத்தால் அந்தப் பிரிவு வராது. இந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டப் போகாதீர்கள். கோபத்தில் கேட்டில் நின்று ஒருவர் சொன்ன வார்த்தை அது.

அந்தத் தேனீ யாருடையது?

நிரூபிக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது உண்மை. சிவிலில் அப்படியில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அங்கே அளவுகோல். பத்தடி தள்ளி நாலு பெட்டி, அன்று காலை தேன் எடுப்பு, கொட்டு வாங்கியது பக்கத்து மாடியில். வாய்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் செய்யாத தப்பையும் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று படுகிறது. ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்து விழுவது பெரும்பாலும் அடுக்குத் தேனீயின் வேலை கிடையாது. பொழுது சாய்ந்தால் அது பெட்டிக்குள். நிலா வெளிச்சத்திலும் மேயப் போவது, விளக்குக்கு மொய்ப்பது எல்லாம் மலைத்தேனீ. நம் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும், உயரமான கட்டடத்தின் சன்ஷேடிலும், இலவ மரத்திலும் முறம் அகலத்துக்கு ஒற்றை அடையாகத் தொங்குமே, அதுதான். நாளைக் காலையில் அக்கா வாசலைப் பெருக்கும் முன்னால் போய், விழுந்து கிடப்பதில் ரெண்டை ஒரு தீப்பெட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டி அடிப்பலகையில் செத்துக் கிடப்பதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரு ரூபாய்க் காசையும் வைத்து போட்டோ எடுங்கள். மலைத்தேனீ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீளம் இருக்கும், பார்த்தாலே தெரியும். அதுதான் என்றால் பக்கத்தில் எங்கோ ஒரு கூடு இருக்கிறது. அது யார் சொத்தும் இல்லை, உங்கள் பொறுப்பும் இல்லை. தெருவுக்கு ஆபத்தான இடத்தில் இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். நீங்களோ குழுவில் யாரோ பந்தம் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். மலைத்தேனீ துரத்தினால் விடாது.

இந்தப் போட்டோவை வழக்கு ஆதாரமாக மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி வருவது உங்கள் தேனீ இல்லை என்று தெரிந்தாலே அக்காவின் பாதிப் பயம் போய்விடும். அவரே தீப்பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

பையனின் கை

ஒரு கொட்டுக்கு முழங்கை வரை வீங்குவது பயமாகத் தெரியும், ஆனால் அந்த இடத்தோடு நிற்கும் வீக்கம் உயிர் ஆபத்தானதில்லை. கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, முகமும் உதடும் வீங்குவது, தலைசுற்றி விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஒவ்வாமை. நிமிடக் கணக்கு. 108-க்கு அழைக்க வேண்டும், அட்ரினலின் ஊசி போட வேண்டும். பையனுக்கு அன்று இவற்றில் ஏதாவது இருந்ததா என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன்னால் எனக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ஏனென்றால், அந்தப் பையனுக்குத் தேனீ விஷம் ஒவ்வாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்புறம் என்னிடம் வாதம் எதுவும் இல்லை. பெட்டிகளை மாற்றிவிட வேண்டியதுதான். தெரியாமல் நடந்தது ஒரு கணக்கு, தெரிந்த பின் நடப்பது வேறு கணக்கு. சட்டத்திலும் அப்படித்தான், மனசாட்சியிலும் அப்படித்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

நம் இருவருக்கும் "சட்டம்" என்றால் ரெண்டு அர்த்தம் என்பது ஒரு வேடிக்கை. பெட்டிக்குள் தேனீ அடை கட்டும் மரச் சட்டத்தைச் சரியாகக் கையாண்டால் கோர்ட்டில் இருக்கும் சட்டம் பெரும்பாலும் வீட்டுப் பக்கம் வராது.

தண்ணீர்தான் முதல். கோடையில் தேனீ தண்ணீர் எடுப்பது குடிக்க மட்டுமில்லை, பெட்டியைக் குளிர்விக்கவும்தான். ஒரு குழாயைப் பழகிவிட்டால் லேசில் விடாது. என் கதையைச் சொல்கிறேன். முதல் பெட்டி வைத்த வருடம், பங்குனி வெயிலில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் துலக்கும் இடத்தில் என் தேனீக்கள் வரிசை கட்டின. அந்த வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாயின் வாய் ஓரத்தில் பத்துப் பதினைந்து, தலையைக் கீழே விட்டுக்கொண்டு, வயிறு துடிக்கத் துடிக்க உறிஞ்சிக்கொண்டிருந்தன. நான் உடனே என் மாடியில் மண் தட்டு வைத்தேன், கூழாங்கல் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டி வீட்டுக் குழாய்க்கு என் செலவில் வாஷர் மாற்றினேன். அங்கே சொட்டு நின்ற மூன்றாம் நாள் எல்லாம் என் தட்டுக்கு வந்துவிட்டன. ஆகவே நீங்களும் தட்டை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அக்கா வீட்டுக் குழாயையும் சரிசெய்து கொடுங்கள். தட்டில் தண்ணீர் ஒரு நாளும் வற்றக் கூடாது.

அடுத்தது வாசல். உங்கள் வரைபடத்தின்படி ரெண்டு பெட்டியின் வாசல் நேராக அண்ணன் வீட்டுக் கொடியைப் பார்க்கிறது. கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன் என்கிறீர்கள். கிழக்கு நல்லதுதான், அதற்காகக் கிழக்கே துணி காய்ந்தாலும் வைக்க வேண்டுமா? திருப்புங்கள். பெட்டியை ஒரே நாளில் மாடியின் அந்தக் கோடிக்குத் தூக்கினால் மேயப் போனவை பழைய இடத்துக்கே வந்து சுற்றும். தினம் ஒன்று, ஒன்றரை அடியாக நகர்த்துங்கள். வாசலுக்கு எதிரே ஏழடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தேனீ எழும்பி மேலாகப் பறந்து போகும், ஆள் தலை மட்டத்தில் குறுக்கே வராது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்திலிருந்து வரும் காற்று வலையையும் பிய்க்கும், பெட்டி மூடியையும் தூக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரெண்டையும் கயிறு போட்டுக் கட்டுங்கள். மூடி பறந்த பெட்டியும் கவனக்குறைவுக் கணக்கில்தான் சேரும்.

தேன் எடுப்பது இனிப் பள்ளி நாளில், பையன் ஊரில் இல்லாதபோது, முந்தின நாளே அக்காவிடம் சொல்லிவிட்டு. லேசாகப் புகை காட்டி, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும். எந்தத் தேதியில் எந்தப் பெட்டியைத் திறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் போதிய ஏற்பாடு செய்தேன் என்று நீங்கள் சொன்னால், சான்றிதழைவிட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது பெட்டி "எப்போதுமே முரடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாடியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ராணியை மாற்றினால் ரெண்டு மாதத்துக்குள் கூட்டத்தின் குணமே மாறலாம், ஆனால் அந்த ரெண்டு மாதம் பக்கத்து வீடு பொறுக்க வேண்டுமே. இருட்டிய பின் வாசலை அடைத்து, தொண்டாமுத்தூர்ப் பக்கமோ ஆலாந்துறைப் பக்கமோ தோட்டம் உள்ள நண்பர் யாரிடமாவது கொண்டுபோய் வையுங்கள். நாலைந்து கிலோமீட்டராவது தள்ளி இருந்தால்தான் திரும்பி வராது. மாடியில் ஒன்றிரண்டு போதும் என்று தோன்றினால் கொசுத்தேனீயையும் யோசியுங்கள். கொட்டாது. தேன் கொஞ்சம்தான் கிடைக்கும், ஆனால் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்தே காட்டலாம்.

தேன் விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விற்கிற நிமிடத்திலிருந்து அது உணவு வியாபாரம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளர் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்லைனிலேயே முடியும். இல்லாவிட்டால் "பொழுதுபோக்கு என்கிறார், பதிவில்லாமல் வியாபாரம் செய்கிறார்" என்று எதிர்த்தரப்பு ஒரு பாராவைச் சேர்த்துவிடும். மெழுகு மூடாத அடையிலிருந்து எடுத்த தேனில் ஈரம் அதிகம், 20 சதவீதத்தைத் தாண்டினால் தரத்தில் தேறாது, புளிக்கவும் செய்யும். அப்புறம், பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு வயது வரை தேன் கூடாது.

குழுவும் சங்கமும்

உங்கள் பதினான்கு பேர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் "கேஸ் போடுங்க, நாங்க இருக்கோம்" என்பவர்களில் எத்தனை பேர் வாய்தாவுக்கு வாய்தா உங்களோடு கோர்ட் வராந்தாவில் உட்காருவார்கள்? அவர்களுக்கு இது தேனீ வளர்ப்போர் எல்லோருக்குமான ஒரு முன்மாதிரி வழக்கு. உங்களுக்கு இது தினமும் முகம் பார்க்க வேண்டிய பக்கத்து வீடு.

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதியலாம், நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் பெட்டி உங்களுடையது, மாடி உங்களுடையது. வழக்கில் சங்கம் உங்கள் இடத்தில் வந்து நிற்க முடியாது. நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாகப் பதிந்த சங்கம் எதற்கென்று எந்த நீதிபதிக்கும் புரிந்துவிடும்.

சங்கம் என்றால் நான் எதிர்பார்ப்பது வேறு. மாடியில் இத்தனை பெட்டிக்கு மேல் வைக்கக் கூடாது என்று தங்களுக்குள் ஒரு வரம்பு. புது உறுப்பினரின் முதல் தேன் எடுப்புக்குப் பழையவர் ஒருவர் கூட நிற்பது. முரட்டுப் பெட்டியை அனுப்பி வைக்க ஊருக்கு வெளியே பொதுவாக ஒரு தோட்டம். தெருவில் எங்காவது கூட்டம் வந்து உட்கார்ந்தால் பிடித்துப்போக ரெண்டு பேரின் போன் நம்பர். அடுக்குமாடியில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அங்கே பொது மொட்டை மாடி யாருடைய தனிச் சொத்தும் இல்லை, 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டமே அதைப் பொதுப் பகுதி என்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் ஒரு பெட்டிகூட ஏற்றக் கூடாது.

இன்னொன்று. இந்த விவகாரம் பற்றிக் குழுவில் இனி எதுவும் எழுதாதீர்கள். போன வாரம் ஒருவர் "பயந்துட்டாங்க, இன்னும் ரெண்டு பெட்டி ஏத்துங்க" என்று போட்டதை நீங்களே சிரிப்புப் பொம்மையோடு எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது நாளைக்குச் சாட்சியம்.

நோட்டீஸுக்குப் பதில்

15 நாளுக்குள் பதில் போகட்டும். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகாது, ஆனால் அலட்சியமாக இருந்ததாகக் காட்டுவார்கள். பதிலில் சண்டை வேண்டாம். பொறுப்பை ஒத்துக்கொள்ளாமல், செய்துவிட்ட மாற்றங்களைத் தேதியோடும் போட்டோவோடும் பட்டியல் போட்டு, ஆஸ்பத்திரிச் செலவை மனிதாபிமான அடிப்படையில் ஏற்கத் தயார் என்று ஒரு வரி. 25,000 ரூபாய்க்கு ரசீது கேளுங்கள். உண்மையான செலவு அதில் ஒரு பங்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதோடு சமரசத்துக்குத் தயார் என்றும் எழுதுங்கள். கோவை நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்னாலேயே அங்கே மனு கொடுத்து ரெண்டு தரப்பையும் அழைத்துப் பேச வைக்கலாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீலும் கிடைப்பார். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. மாடியில் அதிகபட்சம் ரெண்டு பெட்டி, வாசல் மேற்கே, தேன் எடுக்க முன்கூட்டித் தகவல் என்று எழுத்தில் முடிந்தால் உங்களுக்கும் அது பாதுகாப்புதான்.

கூட்டம் பிரிந்து மாமரத்தில் உட்கார்ந்தால் என்று கேட்டீர்கள். உங்கள் கண்ணெதிரே உங்கள் பெட்டியிலிருந்து கிளம்பி அங்கே போயிருந்தாலும் காம்பவுண்டு ஏறிக் குதிக்க உங்களுக்கு உரிமை இல்லை. கதவைத் தட்டி, அண்ணா, பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டும். அவர் அன்றைக்குக் கதவைத் திறப்பாரா என்பதை இந்த மாதம் நீங்கள் நடந்துகொள்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஆகவே பதில் தபாலில் சேரும் முன்னால் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். பையன் எப்படி இருக்கிறான், அன்றைக்கு மூச்சு முட்டியதா என்று கேளுங்கள். தீப்பெட்டியைக் காட்டுங்கள், குழாயைப் பாருங்கள். "என் தேனீதான் கொட்டிச்சு" என்று வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிவிடாதீர்கள், வாயால் விசாரிப்பதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போங்கள். தேன் பாட்டில் அன்றைக்கு வேண்டாம்.